கஜானாவும் கல்வராயன் மலையும்

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் சாலையில், தலைவாசலைக் கடந்து சின்னசேலத்தை நெருங்கும் பிரயாணியின் இடப்புறத்தே நெடுந்தூரம் தொடர்ந்து வருவது கல்வராயன் மலை. அதன் மேற்குப் பாகம் பழைய சேலம் ஜில்லாவின் ஆத்தூர்த் தாலுகாவிலும், கிழக்குப் பாகம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கள்ளக்குறிச்சித் தாலுகாவிலும் சேர்ந்திருந்தன. இரண்டு ஜில்லாக்களையும் பிரித்த அந்த எல்லைக்கோட்டுக்கு ரெவின்யூ உத்தியோகஸ்தர்களின் படங்களுக்கு வெளியே வெகுகாலம் பெரிய மதிப்பொன்றும் இருந்ததில்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்றுதான், கோட்டுக்கு மேற்கே கள் அருந்துவது குற்றமென்றும் கிழக்கே அருந்தினால் அது சர்க்காருக்கு வருமானமென்றும் ஒரு புது வேற்றுமை பிறந்தது. அந்த வேற்றுமையை உண்டாக்கியவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். மாகாணத்தின் நிதி மந்திரியும் அவரே.

ராஜாஜியைப் பற்றி எழுதியவர்கள் அவரைத் தேசபக்தராகவும், அறிஞராகவும், கவர்னர் ஜெனரலாகவும், காங்கிரஸைப் பிற்காலத்தில் எதிர்த்தவராகவும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இருபத்தேழு மாத காலம் அவர் ஒரு மாகாணத்தின் நிதி இலாகாவை நடத்தினார் என்பதும், அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் இந்தியாவின் எல்லா மாகாணங்களின் வரவுசெலவுத் திட்டங்களையும் ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் தாங்கி நின்றது என்பதும், அவருடைய மற்றக் கீர்த்திகளின் நிழலில் சற்று மறைந்தே இருக்கின்றன. அந்தக் காரியத்தைத் தலைநகரத்து ஏட்டிலிருந்து படிப்பதைக் காட்டிலும், கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் நின்று படிப்பதில் தெளிவு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அக்காலத்து மாகாண கஜானாவுக்கு இரண்டு பெரிய தூண்கள் இருந்தன: ஒன்று நிலவரி, மற்றொன்று ஆப்காரி என்று வழங்கிய கள்-சாராய வருமானம். பிந்தியது ஏறத்தாழ மொத்த வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு. தென்னை, பனை ஒவ்வொன்றுக்கும் மரவரி. கள்ளுக்கடை ஒவ்வொன்றுக்கும் வருஷாந்தர ஏலம். சாராயத்துக்குத் தனித் தீர்வை. ஏலத்தின் நடைமுறையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். கடையை எடுத்தவன் செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிடுவதால், அவ்வருஷம் குடிப்பவர் குறைந்தால் நஷ்டம் சர்க்காருக்கன்று, அவனுக்கு. ஆகவே குடிப்பவர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறை, சர்க்காருக்கு ஒரு சல்லிக்காசும் செலவில்லாமல், ஊர்தோறும் ஒரு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுவடைக் கூலியும் வாரச்சந்தைப் பணமும் எந்த வழியாகக் கஜானாவை அடைந்தன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை.

ராஜாஜிக்கு இந்த ஏற்பாட்டின் மீதிருந்த வெறுப்பு பதவிக்கு வந்தபின் உதித்ததன்று. அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, அந்நகரசபையின் தலைவராகவும் இருந்தவர் அவர். 1925இல் திருச்செங்கோட்டுத் தாலுகாவின் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதரோடு மதுவிலக்கையும் சுற்றுப்புறக் கிராமங்களில் பிரசாரம் செய்தவர். அங்கிருந்து, கல்கியைத் துணையாசிரியராகக் கொண்டு, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். 1937 ஜூலை 14ஆம் தேதி மந்திரிசபை பதவியேற்றது. மூன்று மாதம் நிறைவதற்குள் மதுவிலக்குச் சட்டம், அவ்வாண்டின் பத்தாவது சட்டமாக நிறைவேறிச் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் சித்தூரும் கடப்பையும், அதற்கடுத்த வருஷம் வடஆர்க்காடும் சேர்ந்தன. தென்னார்க்காடு அந்த மந்திரிசபையின் காலத்தில் சேரவேயில்லை.

இவ்வாறு ஜில்லா ஜில்லாவாக முன்னேறியதில் ஒரு நிதி மந்திரியின் ஜாக்கிரதை தெரிகிறது. மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் கடைகளை மூடினால் கஜானாவில் நான்கில் ஒரு பங்கு ஒரே நாளில் வற்றிவிடும். ஒரு ஜில்லாவில் மூடினால் அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு பலனையும் அளந்து பார்க்கலாம். ஆனால் பொக்கிஷத்துக்குச் சௌகரியமான எல்லை, பூமிக்குச் சௌகரியமாக அமைவதில்லை. ஆத்தூரிலிருந்து சின்னசேலத்துக்கு ரயிலும் சாலையும் இருந்தன. மலைமேலோ எல்லை என்பது ஓர் ஓடை அல்லது ஒரு புளியமரம். சேலத்துச் சட்டம் செல்லாத கள்ளக்குறிச்சித் தாலுகாவில் ஏலமும் மரவரியும் வழக்கம்போல் நடந்தன.

அதே 1937 அக்டோபர் முதல் தேதி மற்றொரு சட்டத்திலும் இடம்பெற்றது. 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் குடியானவர்கள் வாங்கிய கடன்களில், அந்தத் தேதி வரையில் நின்ற வட்டிப் பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. விலைவாசி வீழ்ச்சியால் நொந்துபோயிருந்த மானாவாரிப் பிரதேசத்துக்கு இது பெரிய ஆறுதல். குடியானவனின் பணம் ஒரு கையால் கள்ளுக்கடைக்கும் மறு கையால் வட்டிக்கடைக்கும் போய்க்கொண்டிருந்தது என்றும், இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும் என்றும் அந்த நிதி மந்திரி கருதியதாகவே, இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்குத் தோன்றுகிறது.

கடையை மூடுவது சுலபம். மூடியபின் கணக்கை நேர்செய்வதே நிதி மந்திரியின் தொழில். 1935ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் சட்டத்தின் மாகாண ஜாபிதாவில், நாற்பத்தெட்டாவது இனமாக, சரக்குகளின் விற்பனை மீது வரி விதிக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருந்தது. மத்திய மாகாணம் அதை மோட்டார் ஸ்பிரிட்டுக்கும் மசகெண்ணெய்க்கும் மட்டும் பிரயோகித்துப் பார்த்தது. சரக்கு எதுவாயினும் விற்பனை என்ற செயல் நிகழ்ந்தால் வரி என்று பொதுவாக எழுதிய முதல் மாகாணம் சென்னை. 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டமே அது. வருஷத்துக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைந்த வியாபாரம் உள்ளவனுக்கு வரியில்லை. பதினாயிரத்துக்கும் இருபதினாயிரத்துக்கும் இடையில் உள்ளவன் மாதம் ஐந்து ரூபாய் கட்டினால் போதும். அதற்கு மேற்பட்டவன் நூறு ரூபாய் வியாபாரத்துக்கு எட்டணா வீதம் கட்ட வேண்டும். அதே ஆண்டில் புகையிலைக்கும், பெட்ரோலுக்கும், சினிமா முதலிய கேளிக்கைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன.

எட்டணா என்பது சிறு தொகைதான். வியாபாரிகளைக் கலக்கியது தொகையன்று. அதுவரை ஒரு மண்டிக்காரனின் பேரேடு அவனுக்கும் அவனுடைய தெய்வத்துக்கும் இடைப்பட்ட விஷயம். இனி அதைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் புரட்டிப் பார்ப்பார். வர்த்தக சங்கங்கள் கடுமையாக ஆட்சேபித்தன. நிலக்கடலை எண்ணெய் வியாபாரிகளான போட்டு பாய்தன்னா கம்பெனியார், உற்பத்தியின் மீதான தீர்வை மத்திய சர்க்காருக்கே உரியது, உற்பத்தியாளன் செய்யும் முதல் விற்பனைக்கு மாகாணம் வரி விதிப்பது அதே தீர்வையை வேறு பெயரால் வசூலிப்பதாகும் என்று வழக்காடினர். வழக்கு பெடரல் கோர்ட்டு வரை சென்றது. 1942இல் அக்கோர்ட்டு, உற்பத்தி வேறு, விற்பனை வேறு என்று கூறி மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலக்கடலை விளையும் தென்னார்க்காட்டுப் புன்செய் நிலங்களுக்கும் மண்டிகளுக்கும் அந்தத் தீர்ப்பு அந்நியமான சங்கதியன்று.

தீர்ப்பு வந்தபோது ராஜாஜி பதவியில் இல்லை. இந்தியாவைக் கேளாமலே பிரிட்டன் அதனை உலக யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபர் இறுதியில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. மாகாணம் கவர்னரின் நேர் ஆட்சிக்குள் போயிற்று. 1943இல் கவர்னரின் சர்க்கார் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சேலத்தில் கள்ளுக்கடைகள் மீண்டும் திறந்தன. ஆனால் அக்கடைகளை மூடியதற்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரியை மட்டும் கவர்னர் ரத்துச் செய்யவில்லை. ஒரு வருமானத்தை இழப்பதற்குப் பரிகாரமாக விதிக்கப்பட்ட வரி, இழந்த வருமானம் திரும்பி வந்தபின்பும் நிலைத்துவிட்டது. சட்டசபையும் மந்திரியும் இல்லாத காலத்தில் நடந்த இந்த மாறுதலில், வரிகளைப் பற்றிய ஒரு பொது விதி வெளிப்படுகிறது: வரி விதிப்பதற்குச் சொல்லப்படும் காரணத்தின் ஆயுள் சிறிது; வரியின் ஆயுள் பெரிது.

யுத்தத்துக்குப் பின் மீண்டும் மந்திரிசபை அமைந்ததும் மதுவிலக்கு ஜில்லா ஜில்லாவாகத் திரும்பியது. 1948 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்தபின் வந்த அவருடைய முதற் பிறந்த நாளன்று, மாகாணம் முழுவதும் அதன்கீழ் வந்தது. அப்போது பிரதம மந்திரியாக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தென்னார்க்காடு ஜில்லாக்காரர். ஆத்தூருக்கும் சின்னசேலத்துக்கும் இடையில் பதினொரு வருஷங்களுக்கு முன் முளைத்த வேற்றுமை, இந்த வகையில், ஒரு தென்னார்க்காட்டாரின் ஆட்சியில் மறைந்தது.

இத்தனை வரிகளுக்கும் சட்டங்களுக்கும் இடையில் மலையின் நிலை என்ன? கல்வராயன் மலையின் பெரும்பகுதி ஜாகிர்தார்களின் ஆதீனத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்கள். அவர்களுடைய முன்னோருக்கு விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அம்மலையை அளித்தார் என்று ஓர் ஐதீகமும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர், ஏர் செல்லும் நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் கொத்தினால் கொத்திச் சாமையும் தினையும் விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் வகுத்துக்கொண்டு சாகுபடி செய்தனர். சமவெளியில் சர்க்கார் நிலத்தை அளந்து தீர்வை விதித்தது; மலையில் ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று ஜாகிர்தார் வாங்கினார். அதற்குமேல் அவருடைய நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய வெட்டி வேலையும் இருந்தது. அந்த உழைப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வரவாக ஏறவில்லை. ஆகவே அதற்குப் பதிலாகச் சாலையோ, பள்ளியோ, ஆஸ்பத்திரியோ செலவாக எழுதப்படவும் இல்லை. எதிர்ப்பதற்குக்கூட ஒரு நிதி மந்திரி இல்லாத பிரஜைகளாக மலைவாசிகள் இருந்தனர்.

ராஜாஜி மந்திரிசபையில் ரெவின்யூ மந்திரியான பிரகாசத்தின் தலைமையில் ஜமீன் விசாரணைக் கமிட்டி ஒன்று உழைத்தது. அதன் சிபாரிசுகள் சட்டமாவதற்குள் மந்திரிசபை விலகிவிட்டது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிச் சமவெளியின் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக ரயத்துவாரிக்கு மாறிய பின்பும், மலையின் ஜாகிர்கள் மேலும் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தன. நெருக்கடி நிலையின்போது, 1976 ஜூன் மாதத்தில்தான், அவை முழுவதுமாகச் சர்க்காரின் வசமாயின. அவ்வாண்டு ஜனவரி இறுதியிலேயே தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி அமலில் இருந்தது. மலை ராஜ்யக் கணக்கில் ஏறிய நாளில் நிதி மந்திரியின் நாற்காலி காலியாக இருந்தது என்பதை, இந்தச் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

ராஜாஜி சென்னையில் பதவியிலிருந்த காலத்திலேயே கடல் கடந்த ஒரு மாகாணத்திலும் விற்பனை வரி வளர்ந்துகொண்டிருந்தது. கனடா தேசத்தின் சஸ்காச்சுவன் மாகாணம், சேலத்தில் மதுவிலக்கு வந்த அதே 1937இல், பள்ளிக்கூடங்களின் செலவுக்கென்று நூற்றுக்கு இரண்டு வீதம் விற்பனை வரி விதித்தது. 1944இல் அங்கே டாமி டக்ளஸ் தலைமையில், வட அமெரிக்காவின் முதலாவது சமூக ஜனநாயக சர்க்கார் அமைந்தது. ஆசிரியராயிருந்து அரசியலுக்கு வந்த கிளாரன்ஸ் ஃபைன்ஸ் அதன் நிதி மந்திரியாகி, பதினாறு ஆண்டுகள் அப்பதவியில் தொடர்ந்திருந்தார். 1947 ஜனவரி முதல் மாகாண வாசிகள் அனைவருக்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக் காப்பீடு ஏற்பட்டது. அதன் செலவு பெருகவே, பள்ளிக்காகப் பிறந்த வரியை உயர்த்தி ஆஸ்பத்திரிக்கும் பயன்படுத்தினார்கள். கோதுமை விளைவதும் விலை போவதும் வானத்தின் கையிலும் அந்நியச் சந்தையின் கையிலும் இருந்த ஏழை மாகாணம் அது. அங்கே சமதர்மம் பேசியவர்கள், கணக்கு நேராக இல்லாவிட்டால் கொள்கை நிற்காது என்பதை அறிந்து நடந்தார்கள். அங்கே வரியின் எதிர்ப்பக்கத்தில் ஆஸ்பத்திரி என்ற கண்ணுக்குத் தெரியும் பொருள் இருந்தது. சென்னையில் எதிர்ப்பக்கத்தில் இருந்தது மூடிய கடை. அது நன்மையே எனினும், மூடிய கடைக்கு நன்றி சொல்பவர்கள் வீட்டுப் பெண்கள், எதிர்த்துப் பேசுபவர்கள் சந்தையிலும் சபையிலும் இருந்தவர்கள்.

சமூக ஜனநாயகக் கொள்கைக்கு நெருங்கியதாக நம் ராஜ்யத்தில் கருதத்தக்க சர்க்கார் 1967இல் வந்தது. நிதி இலாகாவைத் தம்மிடமே வைத்துக்கொண்ட அண்ணாத்துரை, அரிசி விலையைக் குறைக்க முயன்றார். பணத் தட்டுப்பாடு இருந்தபோதிலும் மதுவிலக்கைக் கைவிட இசையவில்லை. அவருடைய மறைவுக்குப் பின், 1971 ஆகஸ்டு 30ஆம் தேதி முதல், கருணாநிதியின் சர்க்கார் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் ராஜ்யங்களுக்கு நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுசெய்வதாகச் சொன்ன மத்திய சர்க்கார், ஏற்கெனவே கொண்டுவந்துவிட்ட ராஜ்யத்துக்கு அதைத் தர மறுத்தது என்பது அவர்கள் கூறிய காரணம். முன்னதாக ஒழுங்காயிருந்தவனுக்குத் தண்டனை விதிக்கும் அந்த ஏற்பாடு அநியாயமானதே. அதற்கு விடை கடையைத் திறப்பதுதானா என்பது வேறு கேள்வி. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ராஜாஜி, கொட்டும் மழையில் முதல்வரின் வீடு சென்று வேண்டாமென்று வேண்டினார், பயனில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். 1974இல் அதே சர்க்கார் கடைகளை மூடியது, 1981இல் எம்.ஜி.ஆரின் சர்க்கார் திறந்தது. 1983இல் சர்க்காரின் மது வாணிபக் கழகமான டாஸ்மாக் பிறந்தது. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பழைய ஏலக்காரன் இருந்த இடத்தில் சர்க்காரே அமர்ந்தது. இவ்வளவுக்கும் அடிப்படையான சட்டம் இன்றளவும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே. விற்பனைக்கு அனுமதி தருவதும் அந்தச் சட்டம்தான்.

சமவெளியில் கடை மூடிய ஒவ்வொரு முறையும், திறந்தபின் சரக்கின் விலை ஏறிய ஒவ்வொரு முறையும், மலையின் ஓடைகளுக்குக் கிராக்கி உண்டாயிற்று. வெல்லத்தையும் வெள்வேலம் பட்டையையும் கடுக்காயையும் தண்ணீரில் போட்டுப் பானையிலோ பிற்காலத்துப் பிளாஸ்டிக் பேரலிலோ புளிக்கவைப்பதற்கு ஊறல் என்று பெயர். தண்ணீர் ஓடையில் கிடைக்கிறது. விறகும் பட்டையும் காட்டில் கிடைக்கின்றன. கடுக்காயோ மலைவாசி சேகரித்துக் கீழே அனுப்பும் முக்கிய வனப்பொருள்களில் ஒன்று. வெல்லம் மட்டுமே கீழிருந்து ஏற வேண்டும். புளியும் கடுக்காயும் இடைத்தரகர் சொல்லும் விலைக்குப் போகும் மலையில், ரொக்கம் தரும் சரக்கு வேறில்லை என்ற நிலையிலேயே இத்தொழில் வேர்பிடித்தது. போலீஸார் ஏறி வந்து ஊறலைக் கவிழ்த்துவிட்டு இறங்குவதும், வேறோர் ஓடையோரம் அடுத்த ஊறல் வைக்கப்படுவதும் நெடுங்கால வழக்கமாயின. கஜானா மலையை அறிந்த முகம் பெரும்பாலும் இது ஒன்றே.

கள்ளக்குறிச்சி 1993இல் விழுப்புரம் ஜில்லாவோடு சேர்ந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கும் ஒரு தாலுகா கிடைத்தது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது ஆலைகளில் பயன்படும் மெத்தனால். மலையில் ஊறிய சரக்கன்று. எனினும் அந்தத் துயரத்தை ஒட்டியே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. 1976இல் கணக்கில் ஏறிய மலைக்குச் செலவுப் பத்தி எப்போது நிரம்பியது என்பதே அக்கேள்விகளின் சாரம்.

இப்போது ராஜாஜியின் ஏட்டுக்குத் திரும்புவோம். அவர் பிறப்பித்த விற்பனை வரி இந்தியா முழுவதும் பரவி, ராஜ்யங்களின் சொந்த வருமானத்தில் தலைமை இடம் பெற்று, தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரியாக உருமாறி, 2017 ஜூலை முதல் தேதி பெரும்பாலும் சரக்கு-சேவை வரியில் கரைந்தது. அதன் வீதத்தை ஒரு ராஜ்யத்தின் நிதி மந்திரி இனித் தனித்து உயர்த்தவோ குறைக்கவோ முடியாது. எல்லா ராஜ்யங்களும் மத்திய சர்க்காரும் கூடும் கவுன்சிலில் அவர் ஒரு குரல். அந்த வரிக்கு வெளியே, ராஜ்யத்தின் கையிலேயே நிறுத்திவைக்கப்பட்ட இனங்களில் முக்கியமானவை பெட்ரோலியப் பொருள்களும் மனிதர் அருந்தும் மதுவும். 2023-24இல் தமிழ்நாட்டுக்கு மதுவினால் வந்த வருமானம் ரூ.45,000 கோடிக்கு மேல். மதுவின் பிடியிலிருந்து மாகாணத்தை விடுவிப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வரி ராஜ்யத்தின் கையை விட்டுப் போய்விட்டது. எதிலிருந்து விடுவிக்க வேண்டுமோ அதுவே கையில் எஞ்சியிருக்கிறது.

ஆகவே, கட்சிகள் தேர்தல்தோறும் மதுவிலக்கைப் பற்றிப் பேசும்போது 1937ஐ நினைவூட்டுவது போதாது. அன்று அந்த நிதி மந்திரி செய்தது ஒரு காரியமன்று, இரண்டு. கடையை மூடியது ஒன்று, மூடியதனால் விழும் பள்ளத்தை நிரப்ப, வியாபாரிகளின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு, புதிய வரியொன்றை விதித்தது மற்றொன்று. அந்த இரண்டாவது காரியத்துக்கு வேண்டிய அதிகாரம் இன்று சென்னையில் மட்டும் இல்லாதபடியால், மதுவிலக்குக் கோருபவர்கள் கோட்டையை மட்டுமன்றிக் கவுன்சிலையும் நோக்கிக் கோர வேண்டியவர்களாகிறார்கள். கூடவே, மலையில் கடுக்காய்க்கும் புளிக்கும் நியாயமான விலை கிடைக்க என்ன செலவு எழுதப்படும் என்பதையும் கேட்க வேண்டியவர்களாகிறார்கள். இவ்விரண்டுக்கும் விடை சொல்லாத பேச்சு 1937ஐ மட்டும் படித்துவிட்டு 1939ஐப் படிக்காமல் ஏட்டை மூடியவர்களின் பேச்சு.